வழியில் நிற்கும் பழைய ஜீப்: பெட்டியில் எது இருக்கணும், எது வேண்டாம்

கூட வேலை பார்க்கும் நண்பர் ஒருத்தர் போன மாதம் பழைய மஹிந்திரா ஜீப் ஒன்று வாங்கினார். வாங்கின மறுநாளே மெசேஜ். "ஜி, லாங் போறப்போ என்னென்ன ஸ்பேர் கையில வச்சுக்கணும்? ஒரு லிஸ்ட் தட்டி விடுங்க." நானும் ஒரு மீட்டிங்குக்கு நடுவில் பதினெட்டு ஐட்டம் தட்டி அனுப்பிவிட்டேன். இரவு படுத்த பிறகுதான் உறுத்தியது. இதே மாதிரி ஒரு லிஸ்ட்டைப் பிடித்து, அதில் இருந்த எல்லாவற்றையும் வாங்கி அடுக்கிக்கொண்டுதான் ஒரு காலத்தில் நானும் மலை மலையாகச் சுற்றினேன். அந்த லிஸ்ட் என்னைக் காப்பாற்றவில்லை. சொல்லப்போனால், கையில் எல்லாம் இருக்கு என்கிற தைரியம்தான் ஒருநாள் என்னை முட்டாளாக்கியது. வண்டிக்குப் பின்னால் என் அப்பாவும் மகளும் நின்றிருந்த நாள் அது. அதனால் லிஸ்ட்டை ஓரமாக வைத்துவிட்டு விஷயத்தை விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

என்னுடையது 1992 மாடல் எம்எம் 540. 2010-ல் வால்பாறை பக்கம் எஸ்டேட்டில் ஓடிய வண்டியை வாங்கினேன். இந்த வண்டியின் பூர்வீகம் இரண்டாம் உலகப்போர் வில்லிஸ் ஜீப். 1945-ல் மஹிந்திரா அண்ட் முகமது என்று தொடங்கி 1948-ல் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆன கம்பெனி, வில்லிஸை இங்கே பூட்ட ஆரம்பித்ததில் இருந்து வரும் வம்சம். எஞ்சின் மட்டும் பிரெஞ்சுக்காரன். பெஜோ கம்பெனியின் எக்ஸ்டிபி 4.90 டீசல். அதன் பெயரிலேயே ஜாதகம் இருக்கிறது. நாலு சிலிண்டர், ஒவ்வொன்றும் 90 மில்லிமீட்டர் விட்டம். ஸ்ட்ரோக் 83 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 2112 சிசி வரும்.

இதையெல்லாம் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்த எஞ்சினில் கம்ப்யூட்டர் கிடையாது. டீசல் பம்பு முழுக்க மெக்கானிக்கல். ஒருமுறை ஸ்டார்ட் ஆகிவிட்டால் பேட்டரியைக் கழற்றி வைத்தாலும் ஓடும். அப்படியானால் அது நிற்பதற்கான காரணங்களும் கொஞ்சம்தான். டீசல் போகவில்லை, டீசலோடு காற்று போகிறது, சூடு ஏறிவிட்டது, இல்லையென்றால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஏதோ அறுந்துவிட்டது. நம்ம தொழில் பாஷையில் சொன்னால், எரர் லாக் கிடையாது. மூக்கும் காதும்தான் லாக். ஆனால் பிழைகளின் எண்ணிக்கை குறைவு.

போடிமெட்டில் நடந்தது

வண்டி வாங்கின புதிதில் பழைய இரும்புக்கடையில் ஒரு பச்சை மிலிட்டரிப் பெட்டி கிடைத்தது. அதற்குள் ஆல்டர்னேட்டர் ஒன்று, வாட்டர் பம்பு, பின் ஆக்ஸில் ஷாஃப்ட், கிளட்ச் பிளேட், ஃபில்டர் நாலு, வால்வு கவர் பேக்கிங் என்று நிரப்பி வைத்திருந்தேன். ஒருமுறை எடை போட்டுப் பார்த்தேன். 42 கிலோ. பெருமையாக இருந்தது.

2013 மே மாதம் போடிநாயக்கனூரில் இருந்து போடிமெட்டு ஏறிக்கொண்டிருந்தோம். நான், அப்பா, ஐந்து வயது மகள். 17 கொண்டை ஊசி வளைவு உள்ள ரோடு. பாதி ஏறும்போதே அடியில் இருந்து டொக், டொக் என்று ஒரு சத்தம். ஆக்ஸிலரேட்டரை விட்டால் நிற்கும், மிதித்தால் வரும். அதற்கு என்ன அர்த்தம் என்று இப்போது தெரியும், அப்போது தெரியாது. அடுத்த வளைவில் சத்தம் பலமாகி, அடித்தளமே அதிர்ந்தது. ஓரம் கட்டி, ஹேண்ட்பிரேக் இழுத்து, ஃபர்ஸ்ட் கியரில் விட்டு இறங்கிப் பார்த்தேன். பின் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோடியில் இருக்கும் கிராஸ் போய்விட்டது. ஒரு கப் வெளியே வந்து, ஷாஃப்ட் லொடலொடவென்று ஆடியது.

என் பெட்டியில் கிராஸ் இல்லை. ஆனால் இதற்கு ஒரு வழி படித்து வைத்திருந்தேன். பின் ஷாஃப்ட்டை மொத்தமாகக் கழற்றிவிட்டு, முன் ஹப்பை லாக் பண்ணி, ஃபோர் வீல் போட்டால் முன் சக்கர இழுவையில் வண்டி ஓடும். சரியான வழிதான். உற்சாகமாக அடியில் படுத்து, நட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தேன். அப்பா வண்டிக்குப் பின்னால் நின்று, ஒரு கையில் பேத்தியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஸ்பேனரை எடுத்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அப்போது மேலே இருந்து ஏலத்தோட்டத்து ஜீப் ஒன்று இறங்கி வந்தது. போடி, கம்பம் பக்கத்தில் இருந்து தினமும் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் உண்டே, அதில் ஒன்று. டிரைவர் வண்டியை நிறுத்தக்கூட இல்லை, கத்தினார்.

"அண்ணே! கழட்டிராதீங்கண்ணே! மொதல்ல கல்லப் போடுங்க! பெரியவரே, புள்ளையத் தூக்கிட்டு அங்கிட்டுப் போங்க!"

கத்திக்கொண்டே இறங்கி வந்தவர், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ரோட்டோரத்தில் இருந்து இரண்டு பெரிய கல்லைத் தூக்கிப் பின் சக்கரங்களுக்கு அடியில் வைத்து, காலால் உதைத்து இறுக்கினார். "இப்ப கழட்டுங்க." கடைசி நட்டும் வந்து ஷாஃப்ட் இறங்கியதும், வண்டி பின்னால் ஒரு அங்குலம் நகர்ந்து கல்லில் உட்கார்ந்தது. ஒரே ஒரு அங்குலம். ஹேண்ட்பிரேக் முழுசாக இழுத்திருந்தது. கியரும் விழுந்திருந்தது.

ஏன் நகர்ந்தது? கார்களில் ஹேண்ட்பிரேக் பின் சக்கரத்தின் டிரம்மையே பிடிக்கும். வில்லிஸ் வம்சத்து ஜீப்பில் அப்படியில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால், ஷாஃப்ட் கிளம்பும் இடத்தில் ஒரு சின்ன டிரம் இருக்கும். ஹேண்ட்பிரேக் பிடிப்பது அதைத்தான். அதாவது சக்கரத்தை ஷாஃப்ட் வழியாகத்தான் நிறுத்தி வைக்கிறது. கியரும் அதே வழிதான். ஷாஃப்ட்டைக் கழற்றிய அந்த நொடியில் இரண்டும் காற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. வண்டியை ஒன்றுமே பிடித்திருக்கவில்லை. ஹப்பை லாக் பண்ணி, ஃபோர் வீல் லீவரைப் போட்ட *பிறகு* ஷாஃப்ட்டைக் கழற்றியிருந்தால் கதை வேறு. அப்போது டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் முன்னும் பின்னும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும், அதே ஹேண்ட்பிரேக் முன் சக்கரங்களைப் பிடித்து வைக்கும். நான் படித்த வழி சரி, வரிசை தப்பு. வரிசை தப்பினால் என்ன ஆகும் என்று டேட்டாபேஸ் மைக்ரேஷன் பண்ணுகிற எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதே காரணத்தால் பஞ்சருக்கும் கல் வேண்டும். பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கிவிட்டால், ஷாஃப்ட் அசையாமல் நின்றாலும் டிஃபரென்ஷியல் இருப்பதால் தூக்கிய சக்கரம் ஒரு பக்கமும் தரையில் இருக்கும் சக்கரம் எதிர்ப்பக்கமும் சுற்றலாம். வண்டி ஜாக்கியை விட்டு உருண்டு இறங்கிவிடும்.

டிரைவர் என் பெட்டியைத் திறந்து பார்த்தார். ஆல்டர்னேட்டரைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கடையவே தூக்கிட்டு வந்திருக்கீங்க, கிராஸ் மட்டும் இல்லையேண்ணே." அவர் சீட்டுக்கு அடியில் ஒரு அரிசிச் சாக்கு. அதற்குள் கிரீஸ் தடவித் துணியில் சுற்றிய கிராஸ் ஒன்று, பழைய ஃபேன் பெல்ட், டியூப்பில் இருந்து நீளமாக வெட்டிய ரப்பர் பட்டைகள், கட்டுக்கம்பி, காப்பர் வாஷர் நாலைந்து, ஸ்பேனர்கள். அவ்வளவுதான். அந்த கிராஸை அடித்து மாட்டி, ஷாஃப்ட்டைத் திரும்பப் பூட்ட முக்கால் மணி நேரம். முன் சக்கரத்தை மட்டும் நம்பி ஏற வேண்டாம் என்றார். ஏற்றத்தில் பாரம் பின்னால் சாய்வதால் முன் டயர் பிடிக்காமல் சுற்றும், சமதளத்தில் அல்லது இறங்கும்போதுதான் அந்த வித்தை சரிப்படும் என்பது அவர் கணக்கு. கிராஸின் விலையை மட்டும் வாங்கிக்கொண்டு, சக்கரத்துக்கு வைத்த கல்லை ஓரமாக உருட்டிவிட்டுத்தான் வண்டி ஏறினார். இது முக்கியம். ரிப்பேர் முடிந்து கிளம்புகிற நிறைய பேர் கல்லை ரோட்டிலேயே விட்டுப் போகிறார்கள். இரவில் பைக்கில் வருகிறவனுக்கு அதுதான் எமன்.

நோட்டுப் புத்தகம்

ஊருக்கு வந்து செய்த முதல் வேலை, வண்டி நிற்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு நோட்டில் எழுதி வைப்பது. தேதி, இடம், அறிகுறி, நான் முதலில் நினைத்தது, உண்மையில் இருந்தது, தீர்த்த விதம். நாலாவது காலத்துக்கும் ஐந்தாவது காலத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் படிக்கச் சுவாரஸ்யம். "பம்பு போச்சு" என்று எழுதியிருப்பேன். பக்கத்தில் "டேங்க் மூடி" என்றிருக்கும்.

இத்தனை வருஷத்துப் பக்கங்களைப் புரட்டினால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. பெரிய சாமான் எதுவும் வண்டியை வழியில் நிறுத்தியதே இல்லை. ஆல்டர்னேட்டர் சாவதற்குப் பல நாள் முன்பே விளக்கு மினுக்கிச் சொல்லிவிடும். வாட்டர் பம்பு சொட்டுச் சொட்டாக அழுதுவிட்டுத்தான் போகும். திடீரென்று நிறுத்துவதெல்லாம் ரப்பர், காற்று, ஒரு வாஷர், ஒரு வயர் முனை.

அதனால் ஒரு சாமானைப் பெட்டியில் வைக்கலாமா என்பதற்கு இப்போது எனக்குச் சில கேள்விகள் இருக்கின்றன. இது போனால் வண்டி உடனே நிற்குமா, இல்லை ஊர் வரை தள்ளிக்கொண்டு வருமா? ரோட்டோரத்தில், என் கையில் இருக்கும் ஸ்பேனரை வைத்து இதை மாற்ற முடியுமா? பக்கத்து டவுனில் கிடைக்குமா? போடி, பொள்ளாச்சி மாதிரி ஜீப் புழங்கும் ஊரில் கிராஸ் எளிதாகக் கிடைக்கும். ஆனால் நான் நிற்கப்போவது பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் இல்லை, வால்பாறை ரோட்டின் 40 வளைவில் ஏதோ ஒன்றில். கடைசிக் கேள்வி, இதை நான் வீட்டு வாசலில் ஒருமுறையாவது என் கையால் மாட்டிப் பார்த்திருக்கிறேனா?

கடைசிக் கேள்விதான் பெரும்பாலான சாமான்களை வெளியே தள்ளியது. ஆக்ஸில் ஷாஃப்ட்டைச் சுமந்தேனே தவிர, அந்த ஹப்பைக் கழற்றும் புல்லர் என்னிடம் இல்லை. வாங்கி வைத்திருந்த புது ஃபேன் பெல்ட் அரை அங்குலம் குட்டை. அது தெரிந்ததே மூன்று வருஷம் கழித்து.

இதில் இருந்து வந்த பழக்கம்: ஸ்பேர் என்று புதிதாக எது வாங்கினாலும் அதை வண்டியில் மாட்டிவிடுவது, வண்டியில் ஓடிக்கொண்டிருந்த பழையதைக் கழற்றித் துடைத்துப் பெட்டியில் போடுவது. பழையது சரியாகப் பொருந்தும் என்பதற்கு அது ஓடினதே சாட்சி. மாட்டிப் பழகிய கையும் நமக்கு வந்துவிடும். ரப்பர் சாமான் பெட்டியில் கிடந்தே கிழடாவதும் மிச்சம். பிரேக் கப்புகளில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். கழற்றிய கப் குப்பைக்குத்தான்.

டீசலும் காற்றும்

நோட்டில் அதிகப் பக்கம் பிடித்தது இதுதான். அறிகுறி எப்போதும் ஒன்றுபோல இருக்கும். காலையில் ஸ்டார்ட் ஆகும், ஒன்றிரண்டு நிமிஷம் ஓடும், முக்கி முனகி நின்னுடும். அல்லது ஏற்றத்தில் மட்டும் இழுக்காது.

டேங்கில் இருந்து ஃபீட் பம்பு, அதில் இருந்து ஃபில்டர், அதில் இருந்து பெரிய பம்பு, கடைசியில் இன்ஜெக்டர். இதுதான் பாதை. ஃபீட் பம்புக்கு முன்னால் உள்ள பகுதி உறிஞ்சும் பகுதி. அங்கே ஓட்டை இருந்தால் எஞ்சின் ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். ஃபீட் பம்புக்குப் பின்னால் ஓட்டை இருந்தால் ஈரம் காட்டிக்கொடுத்துவிடும். "எங்கேயும் லீக் இல்லையே" என்று தலையைச் சொறிந்தபடி நிற்பவர்கள் பார்க்க வேண்டியது முதல் பகுதியைத்தான். பெரும்பாலும் டேங்க் பக்கம் இருக்கும் ஹோஸ் வெடிப்பு, அல்லது தளர்ந்த கிளிப்.

அதற்கும் முன்னால் ஒரு சோதனை. டேங்க் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் வந்தால், மூடியில் இருக்கும் மூச்சுத் துளை அடைத்திருக்கிறது. டீசல் போகப்போக உள்ளே வெற்றிடம் ஏறி, ஃபீட் பம்பால் இழுக்க முடியவில்லை. ஊசியால் குத்தினால் தீர்ந்தது. இதற்காகவே ஒருமுறை நான் அரை நாள் ஃபில்டரோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

அடுத்தது பாதியில் வெட்டிப் பார்ப்பது. கோடில் பிழை தேடும்போது நடுவில் நிறுத்தி, முன்பாதியா பின்பாதியா என்று பார்ப்போம் இல்லையா, அதே வேலை. என்னிடம் இரண்டு மீட்டர் டீசல் ஹோஸும், ஐந்து லிட்டர் கேனும் எப்போதும் இருக்கும். கேனை எஞ்சினைவிட உயரத்தில் கட்டி, ஹோஸை நேரே ஃபீட் பம்பில் சொருகுவேன். இப்போது ஓடினால் கோளாறு டேங்கிலோ லைனிலோ. அப்படியே கேனில் ஓட்டிக்கொண்டு ஊர் வந்து சேரலாம், வந்தும் இருக்கிறேன்.

காற்று எடுப்பது பெரிய வித்தை இல்லை. ஃபில்டர் தலையில் இருக்கும் சின்ன போல்ட்டைத் தளர்த்தி, கை பம்பை அமுக்கிக்கொண்டே இருக்கணும். முதலில் நுரை வரும், பிறகு குமிழி, பிறகு வெறும் டீசல். டீசல் வந்துகொண்டிருக்கும்போதே போல்ட்டை இறுக்கணும். அப்படியும் பிடிக்கவில்லை என்றால் இன்ஜெக்டர் பைப்பின் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி, ஒருத்தரை செல்ஃப் அடிக்கச் சொல்லி, டீசல் கசிந்ததும் ஒவ்வொன்றாக இறுக்கணும். ஓடும் எஞ்சினில் இன்ஜெக்டர் லீக்கை விரலால் தடவிப் பார்க்கும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். மேலே ஊசி குத்தின மாதிரிதான் தெரியும், ஆனால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். அப்படிப் பட்டால் நேரே ஆஸ்பத்திரிதான்.

இந்தப் போல்ட்டுகளுக்கு அடியில் இருக்கும் காப்பர் வாஷர் ஒருமுறை நசுங்கினால் கெட்டியாகிவிடும், மறுபடி இறுக்கினால் சரியாக உட்காராது. கையில் புதுசு இல்லையென்றால் பழசைச் செக்கச்செவேல் என்று சூடாக்கித் தண்ணீரில் போடுங்கள். இரும்பு இப்படிச் செய்தால் கெட்டியாகும், செம்பு இளகிவிடும். டீக்கடை அடுப்பு போதும். "என்ன சார், மோதிரம் பண்றீங்களா?" என்று கேட்டவருக்கு நான் இரண்டு டீ சொன்னேன்.

தண்ணி

மலை ஏறும்போது ஊசி ஏறுகிறது என்றால் உடனே ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள். மூடியின் வேலை அழுத்தத்தைப் பிடித்து வைப்பது. ஏழு பிஎஸ்ஐ மூடி என்றால் உள்ளே தண்ணீர் சுமார் 111 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். திறந்த அந்த நொடியில் அழுத்தம் போய், அத்தனை தண்ணீரும் ஆவியாகப் பொங்கி முகத்துக்கு வரும். ஊட்டி உயரத்தில் மூடியில்லாத தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் அங்கே இன்னும் மோசம். அரை மணி நேரம் ஆறவிடுங்கள்.

சார்ஜ் விளக்கு எரிந்து, பிறகு ஊசி ஏறினால் பெல்ட் அறுந்துவிட்டது. விளக்கு எரியாமல் ஊசி மட்டும் ஏறினால் ஹோஸ், கிளிப், இல்லையென்றால் ரேடியேட்டர். வெடித்த ஹோஸுக்கு அந்த டிரைவரின் டியூப் பட்டை வைத்தியம்தான் இன்றுவரை எனக்கும். இழுத்து இழுத்துச் சுற்றி, மேலே கட்டுக்கம்பி. பிறகு மூடியை முழுசாக இறுக்காமல் முதல் படியில் விட்டு ஓட்டினால் உள்ளே அழுத்தம் ஏறாது, கட்டு தாங்கும். தண்ணீரை மட்டும் அடிக்கடி ஊற்றிக்கொண்டே போகணும். ரேடியேட்டர் கசிவுக்கு லாரிக்காரர்கள் மஞ்சள்தூள் போடுவார்கள். கசிவு நிற்பது உண்மைதான். ஆனால் ஓட்டையை அடைக்கிற மஞ்சள் நல்ல குழாயையும் அடைக்கும். ஊர் வந்ததும் ரேடியேட்டரைக் கழுவ மனசிருந்தால் போடுங்கள்.

பிரேக்

என் வண்டியில் பிரேக் ஒரே சர்க்யூட். நாலு சக்கரத்துக்கும் ஒரே லைன். ஒரு சக்கரத்தின் சிலிண்டரில் கட்டைவிரல் அகலம் உள்ள ரப்பர் கப் கிழிந்தால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. பெடல் மெத்தென்று தரை வரை போகும். எத்தனை கொண்டை ஊசி வளைவு ஓட்டியவராக இருந்தாலும் அந்த நொடியில் வயிறு கலங்கும்.

எது லீக் என்று கண்டுபிடிப்பது எளிது, சக்கரத்தின் உள்பக்கம் நனைந்திருக்கும். அந்தச் சக்கரத்துக்குப் போகும் பைப்பை மூடிவிட்டால் மற்ற மூன்றும் பிடிக்கும். பைப்பை ஜாயின்ட்டில் கழற்றி, அதன் நுனிக்கும் அது உட்காரும் குழிக்கும் நடுவில் சைக்கிள் பால்ரஸ் குண்டு ஒன்றை வைத்து நட்டை இறுக்கினால் வழி அடைபடும். பிறகு ஆயில் ஊற்றிக் காற்று எடுக்கணும். எந்த சைஸ் குண்டு என் வண்டிக்குச் சரியாக உட்காருகிறது என்று வீட்டில் போட்டுப் பார்த்து, அதில் நாலு பெட்டியில் வைத்திருக்கிறேன். இது ரிப்பேர் அல்ல. பிரேக் பிடித்தால் ஒருபக்கம் இழுக்கும். லோ ரேஞ்சில், ஃபர்ஸ்ட் கியரில், எஞ்சின் பிடிப்பிலேயே பக்கத்து மெக்கானிக் வரை இறங்குவதற்கு மட்டும். வண்டியில் ஆள் இருந்தால் அவர்களை பஸ்ஸில் அனுப்பிவிட்டுத்தான் நான் இதைச் செய்வேன்.

பிரேக் ஆயில் பாட்டில் பற்றி ஒரு வார்த்தை. அது காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்தால் அந்த அளவு 140 வரை இறங்கிவிடும். இறக்கத்தில் டிரம் சூடாகும்போது ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் மறுபடி தரைக்குத்தான் போகும். மூடி திறந்து மூன்று வருஷமாகப் பெட்டியில் கிடக்கும் அரைப் பாட்டிலைத் தூக்கி எறியுங்கள். சின்ன பாட்டில், சீல் உடைக்காதது, ஒன்று போதும். அவசரத்துக்கு என்று எஞ்சின் ஆயிலை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். மாஸ்டர் சிலிண்டரில் இருந்து எல்லா ரப்பரும் ஊதிப்போய் மொத்தத்தையும் மாற்ற வேண்டியிருக்கும்.

மற்றதெல்லாம் சுருக்கமாக

செல்ஃப் அடித்தால் டக்கென்று ஒரு சத்தத்தோடு நின்றால், மோட்டாரைக் குறை சொல்வதற்கு முன் பேட்டரி டெர்மினலையும் எர்த் பட்டையையும் சுரண்டிப் பாருங்கள். 12 வோல்ட் பல்பில் இரண்டு வயர் கட்டிய டெஸ்ட் லேம்ப் ஒன்று இருந்தால் வயரிங் கோளாறில் பாதியைக் கண்டுபிடிக்கலாம். குளிர் காலையில் ஸ்டார்ட் ஆகாவிட்டால் அதே பல்பை வைத்து ஹீட்டர் பிளக்கையும் பார்க்கலாம். பிளக்கின் வயரைக் கழற்றிவிட்டு, பல்பின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையைப் பிளக்கிலும் தொடணும். எரிந்தால் பிளக் நல்லது.

வீல் நட் வராவிட்டால் பைப்பை மாட்டி ஏறி மிதிப்பதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். பழைய வில்லிஸ் வழி வண்டிகளில் இடது பக்க நட்டுகளுக்கு எதிர்த்திசை மரை. வழக்கமாகக் கழற்றும் பக்கம் திருப்பினால் இறுகும், ஸ்டட் உடையும். உங்கள் வண்டியில் எப்படி என்று வீட்டிலேயே பார்த்து, சக்கரத்தின் மேல் பெயின்ட்டில் அம்புக்குறி போட்டுவிடுங்கள். ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு பலகையும் வேண்டும். மண்ணில் பாட்டில் ஜாக்கி வண்டியைத் தூக்காது, தான் புதைந்துகொள்ளும்.

ஸ்டீயரிங்கில் டை ராட் எண்ட் ஆடுகிறது, வீல் பேரிங் அரைக்கிறது, இருட்டிவிட்டது: இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் நான் ஸ்பேனரை எடுப்பதில்லை. பக்கத்து கிலோமீட்டர் கல்லின் எண்ணைக் குறித்துக்கொண்டு, வண்டியை ஓரங்கட்டிக் கல் வைத்துவிட்டு, வருகிற பஸ்ஸில் ஏறிவிடுவேன். சிக்னல் இல்லாத இடத்தில் "எங்க சார் நிக்குது?" என்று மெக்கானிக் கேட்கும்போது சொல்ல ஒரு எண்ணாவது இருக்கணும்.

இப்போது பச்சைப் பெட்டி டூல்ஸோடு சேர்த்து 14 கிலோ. கிராஸ் ஒன்று கிரீஸ் தடவி, அப்பாவின் பழைய வேட்டித் துணியில் சுற்றி இருக்கிறது. ஆல்டர்னேட்டரும் ஆக்ஸில் ஷாஃப்ட்டும் வீட்டுப் பரணில்.

நண்பருக்கு லிஸ்ட்டைத் திருத்தி அனுப்பிவிட்டேன். முதல் ஐட்டம், சக்கரத்துக்கு வைக்க ஆப்பு மாதிரி அறுத்த மரக்கட்டை இரண்டு. "ஜி, இது எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடைல கிடைக்கும்?" என்று பதில் வந்திருக்கிறது. மரப்பட்டறைக்குப் போகச் சொல்லியிருக்கிறேன்.